தாங்குகிறவளுக்கு ரெண்டு

"குண்டுமணி சொல்றத ஓரமா வைங்க சார். தெய்வானக்கா சொல்றத நம்புங்க."

கேட்கவே கூடாது என்று சொல்லி வைத்திருந்ததைச் செம்மலர் கேட்டுவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே பயிற்சி கொடுத்தவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: நாற்காலி சரியில்லையா, கேளுங்கள். ஏசி குளிர்கிறதா, கேளுங்கள். சம்பளத்தைக் கூட்டச் சொல்லிக்கூடக் கேட்டுப் பாருங்கள். குண்டுமணி காட்டும் எண்ணைத் தள்ளிவைக்கச் சொல்லி மட்டும் இந்தக் கட்டடத்துக்குள் யாரும் வாய் திறக்காதீர்கள். நாம் விற்பதே அந்த எண்ணைத்தான். செம்மலரின் அம்மா இதையே இன்னும் சுருக்கமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். "போற எடத்துல வாய வச்சிக்கிட்டு சும்மா இரு. நம்ம வகையறாவுல டிகிரி வாங்கினவ நீ ஒருத்திதான்."

டிகிரி வாங்கியதே வாயைத் திறக்கத்தான் என்பது செம்மலரின் கட்சி.

மேனேஜர் கதிரேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் தெரியாத நேரம் பார்த்துத்தான் அவர் கண்ணாடியில் அழுக்கு சேரும்.

"ரெண்டுன்னு காட்டுதும்மா. அஞ்சு வந்தா வண்டி தானா வந்துடும், ஆஸ்பத்திரிக்குத் தகவல் தானா போயிடும், சம்பளத்தோட லீவு தானா பதிவாயிடும். நான் ஒரு கையெழுத்துகூடப் போட வேணாம். ரெண்டுக்கு நான் என்ன பண்றது?"

"எழுந்து வந்து அவங்க மூஞ்சியப் பாருங்க சார். அதுக்கு அஞ்சு வரணும்னு அவசியமில்ல."

குண்டுமணிக்குக் கம்பெனி வைத்த பெயர் நீளமான இங்கிலீஷ் பெயர். யார் வாயிலும் அது நுழையவில்லை. சிவப்பாக, ஒரு முனையில் கருப்புப் பொட்டோடு தொண்டைக் குழியில் தொங்குகிற அந்தச் சின்ன யந்திரத்தைப் பார்த்ததுமே அரூர் ஆபீஸ் பெண்கள் குண்டுமணி என்றுவிட்டார்கள். கர்ப்பிணியின் குரலையும் மூச்சையும் அது கேட்டுக்கொண்டே இருக்கும். அவளுடைய வலி எவ்வளவு என்பதைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணாகச் சொல்லும். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு நர்ஸை நிறுத்த முடியாத காலத்தில் ஒவ்வொரு கழுத்திலும் ஒரு குண்டுமணியைத் தொங்கவிட முடிந்தது. இங்கிலாந்தில் ஆரம்பித்து இப்போது பல நாட்டுப் பிரசவ வார்டுகளில் அது இருந்தது.

அதற்குக் காது கொடுத்தது அரூர். டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில், ஹெட்ஃபோன் மாட்டிய நாற்பது பெண்கள், சீமையில் எங்கோ யாரோ ஒருத்தி இடுப்பு வலியில் முனகுவதைக் கேட்டுக் கேட்டு எண் போட்டார்கள். வீடியோவில் முகத்தை மறைத்திருப்பார்கள். கட்டில் கம்பியைப் பிடித்திருக்கும் கை தெரியும், குரல் கேட்கும், அவ்வளவுதான். ஆரம்பத்தில் அந்த எண்களே நேராக வார்டுக்குப் போயின; அப்படிப் போட்ட லட்சக்கணக்கான எண்களை விழுங்கித்தான் குண்டுமணி பேசக் கற்றுக்கொண்டது. ஆபீஸில் இது பெரிய பெருமை. பிள்ளை பெற்றவளுக்குத்தானே வலி தெரியும் என்று, பிள்ளை பெற்றவர்களாகப் பார்த்துத்தான் வேலைக்கே எடுத்திருந்தார்கள். செம்மலர் மட்டும் விதிவிலக்கு. அவள் புள்ளியியல் படித்தவள். போட்ட எண்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை.

நல்ல ஆபீஸ்தான். யார் வீட்டுக் குழம்பு யார் டப்பாவில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத மாதிரி மத்தியானச் சாப்பாடு நடக்கும். கர்ப்பமாக இருக்கிற ஊழியர்களுக்கும் இலவசமாகக் குண்டுமணி தருவது என்று கம்பெனி முடிவெடுத்தபோது, வளைகாப்பையே ஆபீஸில் வைத்துவிட்டார்கள். தெய்வானைக்கு இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலை அடுக்கி, ஐந்து வகைச் சோறு போட்டு, கடைசியில் கதிரேசன் வெட்கத்தோடு டப்பாவைத் திறந்து குண்டுமணியை எடுத்துக் கொடுத்தார். இந்தியாவிலேயே அதை முதலில் போட்டுக்கொண்டவள் அவள். ஆபீஸிலேயே அதிகம் கேட்டு அதிகம் எண் போட்டவளும் அவள்தான்.

அந்தத் தெய்வானைதான் இப்போது ஓய்வறைப் பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எட்டாம் மாதம். காலில் புருஷனுடைய செருப்பு, அவளுடையது நுழையவில்லையாம்.

கதிரேசனைப் பார்த்ததும் எழ முயன்றாள். "ஒண்ணுமில்லீங்க சார். இந்தப் புள்ளதான் ஊரக் கூட்டுது. தல மட்டும் கொஞ்சம் கனமா இருக்கு. கண்ணு முன்னால பூச்சி பறக்கற மாதிரி. செத்த படுத்தா சரியாயிடும்."

குரல் சீராக இருந்தது. சாப்பிட்டீங்களா என்று விசாரிக்கிற குரல். கழுத்தில் குண்டுமணி சாந்தமாக ரெண்டு என்றது.

கதிரேசன் எண்ணைப் பார்த்தார். பிறகு செருப்பைப் பார்த்தார். செருப்பு வாரைத் தாண்டிப் பிதுங்கி நிற்கிற பாதத்தைப் பார்த்தார்.

"நான் பாட்டுக்குக் கார் சாவிய மேஜை மேல வைக்கிறேன். அப்புறம் நடக்கறது எனக்குத் தெரியாது."

"தெரியாமயே இருங்க சார். சார்ஜ் இருக்கா?"

"தர்மபுரி வரைக்கும் போவும்."

அரசு மருத்துவமனையில் ஒரு நர்ஸ் வந்து தெய்வானையின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். அளவைப் பார்த்தாள். மறுபடி அடித்தாள். அப்புறம் ஓடினாள். வந்த டாக்டரம்மா கேள்வி கேட்டுக்கொண்டே ஊசிக்குச் சொன்னார், ஊசி ஏறும்போதே தியேட்டருக்குச் சொன்னார்.

"பிரஷர் எங்கயோ போயிடுச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும். காலையிலேர்ந்து இப்படி இருக்கா?"

"நேத்துலேர்ந்து" என்றாள் தெய்வானை, ஏதோ தப்புச் செய்தவள் போல.

"கழுத்துல இருக்கே, இது என்ன சொல்லுச்சு?"

"ரெண்டுன்னு சொல்லுச்சுங்க டாக்டர்" என்றாள் செம்மலர்.

"கழட்டிடுங்க."

செம்மலர் வெளியே நின்று கதிரேசனுக்குப் போன் செய்தாள். தெய்வானையின் கணவன் மாதேஷ் வேலை செய்யும் ஜவ்வரிசி மில்லில் அவனை விடமாட்டேன் என்கிறார்களாம், லோடு வந்திருக்கிறதாம். "மில் ஓனர் நம்பர் அனுப்பு" என்றார் கதிரேசன். என்ன பேசினாரோ, மாதேஷ் முழங்கை வரை மாவோடு வந்து சேர்ந்தபோது மில்லின் வண்டியிலேயே வந்திறங்கினான்.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு. ஆனால் அது போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னங்க இப்படிக் கத்துது" என்றான் மாதேஷ், பயந்துபோய்.

"கத்தட்டும் மாமா. இவ தாங்கிக்கிற ஆளில்ல. நல்லது" என்றாள் செம்மலர்.

மறுநாளே அவள் புகார் எழுதினாள். குண்டுமணியைப் பற்றிய புகார்கள் எல்லாம் இங்கிலாந்தில் ஒரு தாதியர் சங்கத்துக்கும் ஒரு பிரதி போகும் என்பது ஒப்பந்தத்தில் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. அதைத் தேடிப் பிடித்து அனுப்பினாள். நாலைந்து நாளில் திரையில் மார்சியா வந்தாள். ஐம்பது வயதிருக்கும், பிரசவம் பார்க்கிற தாதி, கறுப்பினப் பெண். அவள் இங்கிலீஷில் பேசுவதை ஆபீஸ் கருவி தமிழாக்கி, வானிலை அறிக்கை வாசிப்பவர் குரலில் சொன்னது. மார்சியா சிரித்தால்கூடச் சற்றுப் பொறுத்து, "அவர் சிரிக்கிறார்" என்றது.

"உங்கள் தோழிக்கு எண் இரண்டு என்று வந்ததா? எங்கள் பெண்களுக்கும் இரண்டு வருகிறது. மூன்று வருகிறது. இந்தக் கருவி வருவதற்கு வெகு முன்பிருந்தே எங்கள் நாட்டில் வெள்ளைப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்கள்தான் பிரசவத்தில் அதிகம் இறக்கிறார்கள். கருவிக்குக் கண் கிடையாது, அது பாரபட்சம் பார்க்காது என்று சொல்லி எங்களிடம் விற்றார்கள். நாங்களும் மகிழ்ச்சியோடு வாங்கினோம்."

"அது நிறத்தப் பாக்காதுங்க. குரலத்தான் கேக்கும்" என்றாள் செம்மலர்.

"குரலில் என்ன கேட்கிறது என்று யார் கற்றுக்கொடுத்தது?"

செம்மலருக்குச் சுருக்கென்றது. ஹெட்ஃபோன் மாட்டிய தலைகள் எல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன.

மார்சியா ஒரு பழைய பதிவை அனுப்பினாள். கம்பியைப் பிடித்திருக்கும் கறுத்த கை. பள்ளிக்கூட டீச்சராம். குரல் மெதுவாக, மரியாதையாக வருகிறது: மன்னிக்கணும், தொந்தரவு பண்றேன், எனக்கு என்னவோ சரியில்லைன்னு தோணுது. சற்று நேரம் கழித்து மறுபடி, அதே மரியாதையோடு. மறுபடியும்.

"ஏன் இவ்ளோ மெதுவா பேசுறாங்க?"

"சத்தம் போட்டால் சண்டைக்காரி என்று எழுதிவிடுவார்கள். அதனால் எங்கள் அம்மாக்கள் எங்களுக்கு மெதுவாகப் பேசச் சொல்லிக்கொடுத்தார்கள்."

"எங்கம்மாவும்தான்" என்றாள் செம்மலர். "அந்த டீச்சரம்மா பொழச்சாங்களா?"

"பிழைத்தார். வேறு எதையோ எடுக்க நான் அந்த அறைக்குள் நுழைந்ததால் பிழைத்தார். அவருடைய கணவர் பஸ் ஓட்டுகிறார். மனைவிக்கு எண் ஐந்து வந்தால்தான் விடுப்பு என்று அவர் வேலை செய்யும் இடத்தில் சொல்லிவிட்டார்கள். கணவர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த டீச்சருக்காகச் சத்தம் போட ஒரு ஆளாவது இருந்திருக்கும்." மார்சியா திரைக்குக் கிட்டே வந்தாள். "எங்கள் சங்கம் இனி எண்ணை நம்புவதாக இல்லை. ஒவ்வொரு பதிவையும் திரும்பக் கேட்டு, அவள் என்ன சொன்னாள், யாரிடம் சொன்னாள், கேட்டவர் என்ன செய்தார் என்று எழுத ஆட்கள் வேண்டும். சம்பளம் அதிகம் தர முடியாது. யோசித்துச் சொல்லுங்கள். அவர் சிரிக்கிறார்."

செம்மலர் அந்த டீச்சர் பதிவுக்கு முதலில் விழுந்த எண்ணைத் தேடினாள். ரெண்டு. போட்டவள் தெய்வானை. அதே மாதிரி கறுத்த கைகளாகப் பார்த்து எடுத்தாள். பக்கத்து நாற்காலிக்காரி சுகந்தி ரெண்டு போட்டிருந்தாள், மூணு போட்டிருந்தாள். அவளிடமே ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொடுத்தாள்.

"இதுக்கு ஏன்கா ரெண்டு?"

சுகந்தி கேட்டாள். அவள் முகம் மலர்ந்தது. "இவளா, நல்லா நெனப்பிருக்கு. எவ்ளோ தெம்பு பாரு. உசுரு போவுது, ஒரு வார்த்த தப்பா வரல. அதான் நல்லபடியா ரெண்டு போட்டேன்."

"நல்லபடியாவா?"

"பின்ன? அந்தப் பக்கத்து வெள்ளக்காரி நர்ஸத் திட்டறா, கட்டில ஒதைக்கறா. அவளுக்கு ஒம்போது. இவ நம்மூரு பொம்பள மாதிரி. தாங்கறா. தாங்கறவளுக்கும் கத்தறவளுக்கும் ஒரே நம்பரா?"

செம்மலர் படித்த புத்தகங்களில் இப்படியொரு பிழைக்குப் பெயர் இருந்ததாக நினைவில்லை. யாரும் யாரையும் வெறுக்கவில்லை. அலட்சியமாகக்கூட இருக்கவில்லை. அரூர் பெண்கள் கடல் தாண்டி இருந்த கறுத்த கைகளைத் தங்கள் கைகளாகப் பார்த்தார்கள், பிரியப்பட்டார்கள். பிரியத்தில் பாராட்டினார்கள். வலியைத் தாங்கிக்கொண்டவளை மெச்சி வளர்த்த வீடுகளிலிருந்து வந்தவர்களுக்குச் சின்ன எண்தான் பெரிய பாராட்டு. இங்கே பாராட்டு விழுந்தபோதெல்லாம் அங்கே ஒரு டாக்டர் வராமல் இருந்தார்.

அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அதனால் பஸ் ஏறி தர்மபுரிக்குப் போனாள்.

தெய்வானை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாதேஷ் பிளாஸ்கைக் கழுவப் போயிருந்தான். மில்லில் இந்த வாரம் முழுக்க லீவு கொடுத்துவிட்டார்களாம், கதிரேசன் சார் தினமும் ஓனருக்குப் போன் போட்டு நலம் விசாரிக்கிறாராம். செம்மலர் எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

தெய்வானை குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். செம்மலர் சொல்லி முடித்தபின் ஜன்னலைப் பார்த்தாள்.

"அந்த டீச்சரம்மா எனக்கு நெனப்பிருக்கு கண்ணு. வளையல் ஒண்ணு போட்டிருக்கும். அத கத்தற வரிசையில சேக்க எனக்கு மனசு வரல." குழந்தையைத் தோளுக்கு மாற்றினாள். "அப்ப அது என் காதுதான், இல்ல? என் கழுத்துல தொங்கிக்கிட்டு நான் பேசறத என் காதாலயே கேட்டிருக்கு. எனக்கு நானே ரெண்டு போட்டுக்கிட்டிருக்கேன்."

"நீ மட்டும் இல்லக்கா. எல்லாருமா சேந்து."

"உண்மையில எவ்ளோ வலிச்சுது தெரியுமா?"

"எவ்ளோ?"

தெய்வானை யோசித்தாள். "நம்பர்ல சொல்லத் தெரியல புள்ள" என்று சிரித்துவிட்டாள். அசைந்ததில் தையல் வலித்திருக்க வேண்டும். "அய்யோ அம்மா, வலிக்குது" என்று வாய்விட்டுச் சொன்னாள். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். மாத்திரை வந்தது.

"பாத்தியா" என்றாள் செம்மலர். "கேட்டா குடுக்கறாங்க."

அடுத்த வாரம் பெங்களூர் தலைமை அலுவலகத்திலிருந்து ரேணுகா மேடம் வந்தார். செம்மலருடைய அறிக்கையைப் படித்திருந்தார். நல்ல மாதிரியான மனுஷி. வரும்போதே தெய்வானையின் குழந்தைக்கு ஒரு கவுன் வாங்கி வந்திருந்தார். கதிரேசனின் அறையில் உட்கார்ந்தார்கள்.

"நீ சொன்னது சரி செம்மலர். செக் பண்ணிட்டோம். நிறம் கம்மியா இருக்கற பெண்களுக்கு ரெண்டு பாயின்ட் குறையுது. வெட்கமாத்தான் இருக்கு. ஆனா சுலபமா சரி பண்ணிடலாம். அவங்களுக்கு ரெண்டு கூட்டிட்டாப் போதும். அடுத்த மாசமே எல்லா நாட்டுக்கும் போயிடும். அந்த டீமுக்கு நீதான் லீட். சம்பளம் இப்ப வாங்கறதப் போல ரெண்டு மடங்கு."

"நான் அத எழுதலையே மேடம். உடம்பு சரியில்லன்னு ஒருத்தி சொன்னா அதுவே போதும், நம்பர் வேணாம்னு எழுதியிருக்கேன். அவ புருஷனுக்கும் லீவு குடுங்கன்னு எழுதியிருக்கேன்."

"சொன்னாலே போதும்னு வச்சா எல்லாரும் வந்து சொல்லுவாங்கம்மா."

"சொல்லட்டும். போய்ப் பாத்து ஒண்ணுமில்லன்னா வீட்டுக்கு அனுப்புங்க. ஒரு ட்ரிப்பு வண்டிச் செலவு."

கதிரேசன் தொண்டையைச் செருமினார். "மேடம், இங்க அத நான் ஆரம்பிச்சுட்டேன்."

"எத?"

"சொன்னாப் போதும்ங்கறத. வருகைப் பதிவு மெஷின் பக்கத்துல பிரஷர் பாக்கற மெஷின் ஒண்ணு வாங்கி மாட்டியிருக்கேன். வாரம் ஒரு நாள் நர்ஸம்மா வர்றாங்க. வீட்டுக்காரர் வேலை செய்யற எடத்துக்கு நானே பேசறேன். ஹெட் ஆபீஸ்ல கேட்டா நாளாகும்னு கேக்கல."

ரேணுகா மேடம் அவரை நன்றாகப் பார்த்தார். "எத்தன பேர் வந்து சொன்னாங்க?"

"இதுவரைக்கும் ஒருத்தர். சத்துக் கொறவு. அதுவும் நெசம்."

மேடம் சிரித்துவிட்டார். "சரி, இந்த ஆபீஸ்ல இருக்கட்டும். நான் எதுவும் சொல்லல. ஆனா ஆஸ்பத்திரிங்க நம்மகிட்ட நம்பரத்தான் காசு குடுத்து வாங்குது. அத நிறுத்த முடியாது. அதனாலதான் கூட்டலாம்னு சொல்றேன்."

செம்மலர் அதுவரை நின்றுகொண்டிருந்தாள். நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கு எவ்ளோ கூட்டுவீங்க மேடம்?"

"என்ன?"

"நாளைக்கு நான் உண்டாயிருக்கேன்னு வச்சுக்குங்க. எனக்கு எவ்ளோ?"

ரேணுகா மேடம் அறியாமலே அவர் கண் வேலையை ஆரம்பித்துவிட்டது. செம்மலரின் நெற்றியில் தொடங்கி, கன்னத்தில் கொஞ்சம் நின்று, கழுத்துக்கு இறங்கியது. ஜவுளிக்கடையில் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பார்வை. மறுபடி கன்னத்துக்கு வந்தது. உதடு ஏதோ ஒரு எண்ணைச் சொல்லத் திறந்து, திறந்தபடியே நின்றது.

கதிரேசன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்துகொண்டார்.

"அதத்தான் மேடம் சொல்றேன்" என்றாள் செம்மலர். குரலில் சூடே இல்லை. "இப்ப எங்கள எப்படிக் கேக்கறதுன்னு தெரியாத காது ஒண்ணு இருக்கு. அதுக்கு இந்தக் கண்ணையும் வச்சுக் குடுக்கப் போறீங்க."

மேடத்தின் முகம் சிவந்தது. "நான் அப்படி நினைக்கல."

"தெரியும் மேடம். சுகந்தியக்காவும் அப்படி நெனைக்கல."

"கோவத்துல முடிவெடுக்காத செம்மலர். ஒரு வாரம் யோசி."

"கோவமெல்லாம் போன வாரத்தோட தீந்துபோச்சுங்க. காலையில சாப்பிடறதுக்கு முன்னாடியே மார்சியாவுக்கு வரேன்னு சொல்லிட்டேன். அந்த டீச்சரம்மாவோட பதிவத்தான் முதல்ல கேக்கப் போறோம். தெய்வானக்காவும் லீவு முடிஞ்சதும் எங்கூட உக்காந்து கேக்கறேன்னிருக்கு. உங்களப் பாத்துச் சொல்லிட்டுப் போலாம்னுதான் இவ்ளோ நேரம் இருந்தேன்."

"சம்பளம் எவ்ளோ தர்றாங்க?" என்று கதிரேசன் மெதுவாகக் கேட்டார்.

"கம்மிதான் சார். எங்கம்மா திட்டும். திட்டட்டும்."

எழுந்தாள். கவுன் நன்றாக இருக்கிறது, சாயங்காலமே கொடுத்துவிடுகிறேன் என்று மேடத்திடம் சொல்லி அந்தப் பையை எடுத்துக்கொண்டாள். "வரேன் சார்" என்றாள். கதிரேசன் தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியே மற்றப் பெண்கள் எல்லோரும் ஹெட்ஃபோன் மாட்டி யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இடைஞ்சல் வராமல் கதவை மெல்லச் சாத்திவிட்டு, செம்மலர் படியிறங்கினாள்.